அம்மாவின் தடுமாற்றமும் அடுப்படியில் உருகும் ஈயமும்

வாசகியின் கேள்வி:

"ஐயா, களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட வாவிக்கரையோரம் எங்கள் வீடு. அம்மாவுக்கு 71 வயது. பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு முன், பிரஷர் குறையவில்லை என்று கிளினிக்கில் இன்னொரு குளிசையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நானும் அன்றிலிருந்து அவருடைய சாப்பாட்டில் உப்பை முற்றாக நிறுத்தி, தண்ணீரை நிறையக் குடிக்க வைக்கிறேன். கடந்த ஐந்தாறு வாரமாக அவர் இரவைப் பகல் என்கிறார். நடக்கும்போது தள்ளாடுகிறார். உலை வைத்ததை மறந்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறார். கனடாவிலுள்ள அண்ணா ஒரு வீடியோ அனுப்பினார். அலுமினியச் சட்டியில் சமைத்தால் அலுமினியம் மூளையில் படிந்து மறதி நோய் வரும் என்று அதில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுச் சட்டிகள் எல்லாமே அலுமினியம். எறிந்துவிடவா? இரும்பில் இருப்பது, அப்பா வலைக்குண்டு வார்க்க ஈயம் உருக்குகிற தாச்சி மட்டும்தான். அதைத் தேய்த்துக் கழுவிச் சமையலுக்கு எடுக்கலாமா? அண்ணா 50 மில்லிகிராம் சிங்க் குளிசைகளும் அனுப்பியிருக்கிறார். உடம்பிலுள்ள உலோகத்தை சேலைன் ஏற்றி எடுக்கும் சிகிச்சையும் செய்யலாம் என்கிறார். கிணற்றுத் தண்ணீரில் காவி படிகிறது. அம்மா சுறா வறையை விரும்பிச் சாப்பிடுவார். இவற்றையும் நிறுத்த வேண்டுமா?"

அன்பின் சகோதரிக்கு,

கடிதத்தில் தொலைபேசி இலக்கத்தையும் எழுதியிருந்தீர்கள். அது பெரிய உதவியாயிற்று. கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களை அழைத்து, அம்மாவை உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று இரத்தத்தில் சோடியத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும், அந்த ஈயத் தாச்சியை எக்காரணம் கொண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். சோடியம் 119 ஆக இருப்பதாகவும், அம்மாவை விடுதியில் அனுமதித்திருப்பதாகவும் அன்று மாலையே அறிவித்தீர்கள். அதை இங்கே எழுதுவதற்குச் சம்மதமும் தந்தீர்கள். அவசரத்தில் சொன்னவற்றுக்குரிய காரணங்களை இப்போது விரிவாக எழுதுகிறேன். வயதான தாய் தந்தையரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் பலருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

கனியுப்புக்களும் உலோகங்களும் மூளையைப் பாதிக்குமா என்ற உங்கள் கேள்வி சரியான கேள்வி. ஆனால் உங்கள் கவலை முழுவதும் அலுமினியத்தின் மேல் விழுந்திருக்கும்போது, அம்மாவைத் தடுமாற வைத்தது நாம் கல்லுப்பாகக் கறியில் போடுகிற அதே சோடியந்தான், அதுவும் கூடியதால் அல்லாமல் குறைந்ததால். இரத்தத்தில் அது லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கப்படும் குளிசைகளில் ஒரு வகை, சிறுநீரகத்தின் வழியாக உப்பை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைட், இன்டபமைட் என்பன அந்த வகையைச் சேர்ந்தவை. நல்ல மருந்துகள்தான், இலட்சக்கணக்கானோரைப் பாரிசவாதத்திலிருந்து காப்பாற்றியவை. ஆயினும் வயதானவர்களில், குறிப்பாக மெலிந்த உடல்வாகுள்ள பெண்களில், குளிசை தொடங்கிய முதற் சில வாரங்களுக்குள் சோடியம் அளவுக்கு மீறிக் குறைந்துவிடுவதுண்டு. அந்த நேரத்தில் வீட்டில் உப்பையும் முற்றாக நிறுத்தி, தண்ணீரையும் வலிந்து குடிக்கக் கொடுத்தால், ஒரு பக்கம் உப்பு வெளியேற, மறுபக்கம் மிஞ்சியிருப்பதும் தண்ணீரில் கரைந்து நீர்த்துப்போகும். இரத்தம் நீர்த்துப்போகும்போது தண்ணீர் மூளையின் கலங்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. தலையிடி, ஓங்காளம், தள்ளாட்டம், நேரகாலம் தெரியாத பேச்சு, இன்னும் குறைந்தால் வலிப்பு, மயக்கம் என்று அது வெளியே தெரியும்.

நீங்கள் செய்தது அத்தனையும் அம்மாவின் மேல் வைத்த அக்கறையால் செய்தது. உப்பைக் குறையுங்கள் என்று நாங்கள் கிளினிக்கில் சொல்கிறோம். எவ்வளவு குறைப்பது, எந்தக் குளிசையோடு எதைக் கவனிப்பது என்பதைச் சொல்ல எங்களுக்கு நேரம் போதுவதில்லை. அந்தப் பிழை எங்களுடையது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய, என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும் உப்பும் அந்தக் கணக்கில் அடங்கும். குறைப்பதென்றால் அவற்றைத்தான் முதலில் குறைக்க வேண்டும். அம்மாவின் கறியில் மட்டான உப்பு இருக்கட்டும். வீடு வந்த பிறகு எவ்வளவு என்பதையும், தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் விடுதி வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வைத்தியசாலையில் சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றுகிறார்கள் என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். நாட்கணக்கில் குறைந்த சோடியத்தை ஒரே நாளில் ஏற்றிவிட்டால் மூளைத்தண்டின் நரம்புறைகள் அழிந்து, திரும்பப் பெற முடியாத பாதிப்பு வரலாம். ஆகவே சில மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றுவதுதான் முறை.

என் ஆரம்ப காலத்தில் நான் பணியாற்றிய ஓரிடத்தில், இளைப்பாறிய ஆசிரியை ஒருவரின் கிளினிக் கொப்பியில் "முதுமை மறதி" என்று எழுதியிருந்தது. ஒன்பது மாதமாக அதே வார்த்தையை ஒவ்வொருவரும் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருந்தார்கள். நானும் இரண்டு தடவை எழுதினேன். மூன்றாவது தடவை அவருடைய மகள், "அம்மா போன தைப்பொங்கலுக்குக் கணக்குப் பார்த்து எல்லாருக்கும் காசு கொடுத்தவ, ஐயா" என்று சொன்ன பிறகுதான் இரத்தம் எடுக்கத் தோன்றியது. தைரொயிட் சுரப்பு அடியோடு குறைந்திருந்தது. மறதி நோய் ஒரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் இடையில் ஆளை அடியோடு மாற்றிவிடுவதில்லை. அது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. வாரக்கணக்கில் வந்த தடுமாற்றத்துக்கு வேறு காரணம் இருக்கும் என்று எண்ணித் தேடுவதுதான் நியாயம். அந்த மகளின் வார்த்தையை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதனால் அம்மாவின் விடயத்திலும் சோடியத்தோடு நின்றுவிடக் கூடாது. கல்சியம், சிறுநீரகத்துக்கான கிரியேற்றினின், தைரொயிட், விற்றமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடும்படி கேளுங்கள். சீனி வருத்தத்துக்கு அவர் மெற்போமின் குளிசையை வருடக்கணக்கில் எடுத்திருந்தால் பி12 குறைந்திருக்க இடமுண்டு; அதுவும் நினைவையும் நடையையும் பாதிக்கும். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோலை நிறுத்தாமல் எடுப்பவர்களில் பி12 மட்டுமன்றி மக்னீசியமும் குறையலாம். அம்மா வெற்றிலை போடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. நம் பகுதியில் அந்த வயதில் போடாதவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன்: நாள் முழுவதும் சுண்ணாம்போடு வெற்றிலை மெல்பவர், எலும்புக்கென்று கல்சியம் குளிசையையும் சேர்த்து எடுத்தால் இரத்தத்தில் கல்சியம் கூடி, மலச்சிக்கலும் சோர்வும் புத்தித் தடுமாற்றமும் வரக்கூடும். சுண்ணாம்பும் கல்சியம்தான் என்பது பலருடைய நினைவுக்கு வருவதில்லை.

இனி அலுமினியத்துக்கு வருவோம். இந்தப் பயம் காற்றில் வந்ததல்ல. அதற்கு அறுபது வருட வரலாறு உண்டு. 1965இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்திய ஆய்வாளர்கள், நரம்புக் கலங்களுக்குள் நூல் சிக்கலைப் போன்ற மாற்றங்களைக் கண்டார்கள். அவை அல்சைமர் என்னும் மறதி நோய் உள்ளவர்களின் மூளையில் காணப்படும் சிக்கல்களைப் போன்றவை என்று முதலில் கருதப்பட்டது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அவை வேறு என்று தெரிந்தது. 1970களில், இரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்திய நீரில் அலுமினியம் இருந்ததால் சிறுநீரக நோயாளிகள் சிலர் பேச்சுக் குழறி, வலிப்பு வந்து, புத்தி மங்கி இறந்தார்கள். அலுமினியம் மூளைக்கு நஞ்சு என்பதற்கு அது மறுக்க முடியாத சான்று. ஆனால் அவர்களுக்கு அது உணவுக்குழாய் வழியாக வரவில்லை, நேரே இரத்தத்துக்குள் வந்தது. வெளியேற்றுவதற்குச் சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. நீரைச் சுத்திகரிக்கத் தொடங்கியதும் அந்த நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

சமையலில் வரும் அலுமினியத்தின் கதை வேறு. வாயால் உட்கொள்ளும் அலுமினியத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரையே இரத்தத்தில் சேருகிறது. அதையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தையும் உணவு விவசாய நிறுவனத்தையும் சேர்ந்த நிபுணர் குழு 2011இல் வகுத்த அளவின்படி, 50 கிலோ எடையுள்ள ஒருவர் வாரத்துக்கு 100 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம். புளியாணத்தையோ தக்காளிக் கறியையோ அலுமினியச் சட்டியில் சமைத்து இரவு முழுவதும் அதிலேயே வைத்தால் உலோகம் கூடுதலாகக் கரையும் என்பது உண்மை. ஆகவே புளிப்புக் கறிக்கு மட்டும் மண்சட்டியை எடுங்கள், நம் வீடுகளில் அதற்குக் குறைவில்லை. மற்றச் சட்டிகளை எறிய வேண்டியதில்லை. பழைய எஞ்சின் துண்டுகளையும் தகரங்களையும் உருக்கி வார்த்த, கரடுமுரடான, கம்பனிப் பெயர் இல்லாத சட்டிகள் இருந்தால் அவற்றை மட்டும் கழித்துவிடுங்கள். 2014இல் கெமரூன் நாட்டில் அப்படி வார்த்த சட்டிகளைச் சோதித்தபோது அவற்றிலிருந்து கரைந்து வந்த பெரிய கேடு ஈயமாக இருந்தது.

அலுமினியத்தைப் பற்றி உண்மையாகவே கவனிக்க வேண்டியவர்கள் சிறுநீரக நோயாளிகள். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிய, மஹாஓயாப் பக்கங்களில் காரணம் துலங்காத சிறுநீரக நோயோடு வாழ்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் நம் கரையோர ஊர்களிலும் இருக்கிறார்கள். இவர்கள் வயிற்றெரிவுக்கு அலுமினியம் ஹைட்ரொக்சைட் கலந்த வெள்ளைப் பாணியைப் போத்தல் போத்தலாகக் கடையில் வாங்கிக் குடிப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். உணவில் ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம் அலுமினியம் வருகிறதென்றால், அந்தப் பாணியில் ஒரு நாளிலேயே நூற்றுக்கணக்கான மில்லிகிராம் போகும். அம்மாவின் கிரியேற்றினின் கூடுதலாக இருந்தால் அந்தப் பாணியைத் தொடக் கூடாது.

இப்போது அந்தத் தாச்சிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி அது. நான் மூன்று தடவை திரும்பப் படித்த வரியும் அதுதான்.

ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிப்பிடுகிறோம். பாட்டி காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசியது வெள்ளீயம். அது கெடுதல் செய்வதில்லை. வலைக்குண்டுக்கு உருக்குவதும், கார் பற்றரிக்குள் இருப்பதும் காரீயம். பெயர் ஒன்றாக இருப்பதால், "அந்தக் காலத்தில் ஈயம் பூசித்தானே சமைத்தார்கள்" என்று பலர் ஆறுதலடைந்துவிடுகிறார்கள். காரீயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும்; விறகடுப்புக்கு அது எளிது. உருகியதன் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படியும். அப்பா அதைக் கரண்டியால் வழித்து ஓரமாகத் தட்டுவார். அந்தத் தூள்தான் பெரிய ஆபத்து. அது தாச்சியின் நுண்துளைகளில் தங்கும், எத்தனை தடவை தேய்த்தாலும் முற்றாகப் போகாது. அடுப்புச் சாம்பலோடும் கலக்கும். அதே சாம்பலைத் தும்பில் தொட்டுத்தான் நம் அடுப்படிகளில் சட்டி விளக்குகிறோம். தாச்சியைச் சமையலுக்கு எடுக்காவிட்டாலும் ஈயம் சட்டிக்கு வந்து சேரும் வழி அது. அப்பாவின் கையிலும் சாரத்திலும் ஒட்டியிருப்பது அவர் சோற்றில் கை வைக்கும்போது வாய்க்குள் போகும். குண்டைக் கயிற்றில் கோர்த்துப் பல்லால் கடித்து நெருக்குகிற பழக்கமும் வலைக்காரர்களிடம் உண்டு. அப்பாவுக்கும் உண்டு என்று சொன்னீர்கள்.

உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் போய் உட்காருகிறது. வயது வந்தவரின் உடம்பிலுள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கும். அது பாதியாகக் குறையப் பத்து, இருபது வருடங்கள் எடுக்கலாம். மாதவிடாய் நின்ற பின்னும் முதுமையிலும் எலும்பு கரையும்போது, இளமையில் சேர்ந்த ஈயம் மறுபடி இரத்தத்துக்குள் வருகிறது. இரத்த அழுத்தத்தையும் அது கூட்டும். போஸ்டன் நகரில் 1960களில் தொடங்கி முதிய ஆண்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்றில், எலும்பில் ஈயம் கூடுதலாக இருந்தவர்களின் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தன. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வாழ்ந்த எங்கள் எல்லாருடைய எலும்பிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நாற்பது வருடம் ஈயம் உருகிய அடுப்படியில் சமைத்த அம்மாவின் எலும்பில் அதைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. இப்போதைய தடுமாற்றத்துக்குச் சோடியமே போதுமான காரணம். ஆயினும் இனிமேல் ஒரு தூளும் சேராமல் பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

அப்பாவிடம் இதைச் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். தோணியும் வலையும் அவருடைய சீவியம். அதைப் பழிப்பதுபோல் அவருக்குப் படக் கூடாது. வார்த்த குண்டைக் கடையில் வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மனம் வராவிட்டால், உருக்குவதை அடுப்படியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் தூரத்தில், திறந்த வெளியில், காற்று வீட்டுப் பக்கம் வீசாத நேரத்தில், அதற்கென்று தனியாக வைத்த கல்லடுப்பில் செய்யட்டும். பல்லால் கடிப்பதை விட்டுக் குறட்டால் நெருக்கட்டும். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை முகம் கழுவி, உடுப்பை மாற்றிய பிறகு வீட்டுக்குள் வரட்டும். அந்த உடுப்பை மற்றவர்களின் உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். இப்போது அடுப்புக்குள் இருக்கிற சாம்பலைத் தண்ணீர் தெளித்து, தூசி கிளம்பாமல் அள்ளி ஒரு பையில் கட்டி அகற்றுங்கள். முருங்கைக்கோ வாழைக்கோ போட வேண்டாம். அடுப்படித் தரையைத் தும்புத்தடியால் கூட்டாமல், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஈயம் நம் வீடுகளுக்குள் வருவதற்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் தூளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேற்றைக் கலக்கும் மோசடி பங்களாதேஷில் 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. இறக்குமதித் தடையால் மஞ்சள் விலை ஏறிய 2020இல் இலங்கையிலும் தூளில் கலப்படம் மலிந்திருந்தது. மஞ்சளைக் கிழங்காக வாங்கி, அவித்துக் காயவைத்து, கண் முன்னால் மில்லில் அரைத்தெடுங்கள். இரண்டாவது, பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்த்துச் செய்யும் நாட்டு மருந்துகள். 2004இல் போஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புக்களைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. நம் வைத்திய மரபின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. பெயரும் பதிவும் இல்லாமல் பொட்டலத்தில் வரும் தூளை அந்த மரபோடு சேர்க்க மாட்டேன்.

அண்ணா அனுப்பிய சிங்கைப் பற்றி: 50 மில்லிகிராம் குளிசையை நாள்தோறும் மாதக்கணக்கில் எடுப்பது அம்மாவுக்கு நன்மை செய்யாது, கெடுதல் செய்யலாம். அவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 8 மில்லிகிராம். 40க்கு மேல் தொடர்ந்து எடுப்பது நல்லதல்ல என்பது அமெரிக்க நிபுணர்கள் வைத்த எல்லை. சிங்க் கூடினால் குடல் செம்பை உறிஞ்சாமல் தடுத்துவிடும். செம்பு குறைந்தால் இரத்தசோகை வரும், பாதம் மரத்துப்போகும், முள்ளந்தண்டு நரம்புகள் கெட்டு நடை தள்ளாடும். விழித்திரைத் தேய்வுக்குக் கூடிய அளவில் சிங்க் கொடுக்கும் குளிசைகளில் 2 மில்லிகிராம் செம்பும் சேர்த்திருப்பது இதற்காகத்தான். ஏற்கெனவே தள்ளாடுகிற ஒருவருக்கு இன்னொரு தள்ளாட்டத்தை நாம் தேடிக் கொடுக்க வேண்டாம்.

சேலைன் வழியாக உலோகத்தை எடுக்கும் சிகிச்சையை நான் ஐயத்துக்கு இடமின்றி வேண்டாம் என்கிறேன். இரத்தத்தில் ஈயம் ஆபத்தான அளவில் இருப்பது சோதனையில் தெரிந்தவர்களுக்கு, வைத்தியசாலையில், கண்காணிப்போடு கொடுக்கும் மருந்துகள் அவை. சோதனையே இல்லாமல் "சுத்திகரிப்பு" என்று ஏற்றினால், அதில் சில வகை மருந்து இரத்தத்திலுள்ள கல்சியத்தைக் கட்டி இழுத்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும். 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் மூவர் அப்படி இறந்தார்கள், அவர்களில் இருவர் குழந்தைகள். மூளையில் உலோகம் கூடியிருப்பதைக் கண்டால் அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் நியாயமாகத்தான் தோன்றும். அதை முறையாகவே பரீட்சித்தும் பார்த்தார்கள். பார்க்கின்சன் நோயில் மூளையின் ஒரு பகுதியில் இரும்பு கூடுகிறது. 2022இல் வெளியான ஆய்வில், 372 நோயாளிகளில் ஒரு பாதிப்பேருக்கு இரும்பை வெளியேற்றும் டெபெரிப்ரோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது, மருந்து எடுத்தவர்களே எடுக்காதவர்களைவிட மோசமானார்கள். அதே மருந்தை ஆரம்ப நிலை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த, 2024இல் வெளியான ஆய்விலும் மருந்து எடுத்தவர்களின் நினைவுத்திறன் இன்னும் வேகமாகக் குறைந்தது. மூளைக்கு இரும்பு வேண்டும். அண்ணாவுக்கு இந்தப் பந்தியைப் படம் பிடித்து அனுப்புங்கள். அவர் தூரத்தில் இருந்துகொண்டு அம்மாவுக்காக ஏதாவது செய்யத் துடிக்கிறார், அந்தத் துடிப்பை நான் மதிக்கிறேன். அந்தப் பணத்தில் அம்மாவின் காதைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் கேட்கும் கருவி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கேள்விக்குறைபாடும் உயர் இரத்த அழுத்தமும், மறதி நோயில் தடுக்கக்கூடிய காரணங்கள் என்று 2024இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு வரிசைப்படுத்திய 14இல் அடங்கும்.

மீனை நிறுத்த வேண்டாம். பெரிய மீன் சிறிய மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சுறாவில் அது கூடுதலாக இருப்பது அதனால்தான். கருவுற்ற பெண்களும் சிறுபிள்ளைகளும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால்சுறா கொடுக்கும் நம் வழக்கத்துக்கும் இது பொருந்தும். அம்மாவுக்கு மாதத்தில் ஒருநாள் சுறா வறை இருக்கட்டும், மற்ற நாட்களில் சூடை, சாளை, கீரி, நெத்தலி என்று சின்ன மீனாகக் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் படியும் காவி இரும்பு; அது துணியைக் கெடுக்கும், மூளையைக் கெடுப்பதற்குச் சான்றில்லை. கறுப்பாகப் படிந்தால் மங்கனீசு இருக்கலாம், லீற்றருக்கு 0.08 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குடிக்க ஏற்றதல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ கேட்டு ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஈயமும் உணவும் சந்திக்கும் இடம் அது. குடலில் இரும்பு உள்ளே போகிற அதே வாசலூடாகத்தான் ஈயமும் போகிறது. கல்சியத்தோடும் அது போட்டி போடுகிறது. இரும்பும் கல்சியமும் போதிய அளவு இல்லாத உடம்பு, ஈயத்தைக் கூடுதலாக உள்வாங்கும். முருங்கையிலை வறை, குரக்கன் பிட்டு, முள்ளோடு பொரித்த நெத்தலி, பயறு, எள்ளு, எருமைத் தயிர் என்று நம் ஊரில் கிடைப்பவையே போதும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

அம்மா வீடு வந்து ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகு, சோடியம் நிலையாக இருக்கும்போது, நினைவாற்றல் பரிசோதனையைச் செய்யுங்கள். விடுதியில் படுத்திருக்கும் நாட்களில் செய்யும் பரிசோதனையை வைத்து எந்தப் பெயரும் சூட்ட இடங்கொடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு முன் சேர்த்த பிரஷர்க் குளிசையின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்பு மையில், "சோடியம் குறைந்தது" என்ற குறிப்போடு எழுதி வைக்கக் கேளுங்கள். வேறு வைத்தியர் ஒருவர் அதை மீண்டும் எழுதாமலிருக்க அது போதும். அவருக்குப் பிரஷர் மருந்து வேண்டியதில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வேறு வகைக் குளிசை கொடுப்பார்கள், அதைத் தவறாமல் எடுக்க வேண்டும். மீண்டும் உறக்கக் கலக்கமோ வாந்தியோ வலிப்போ வந்தால் இரவென்றும் பாராமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

தொலைபேசியில் பேசும்போது, அப்பா ஈயம் உருக்குகையில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். "மகன்தான், நாலு வயது, ஆறின குண்டுகளைப் பாயில் அடுக்கி எண்ணிக்கொண்டிருப்பான்" என்றீர்கள். வயது வந்தவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேருமென்றால், அவனுடைய வயதில் பாதி வரை சேரும். அவனுடைய மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த அளவு வரை கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவு ஈயத்துக்கு இல்லை. அம்மாவைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போகிற நாளில் அவனையும் கூட்டிக்கொண்டு போய், குழந்தைநல வைத்திய நிபுணரிடம் இந்த அடுப்படியைப் பற்றி நீங்கள் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் சோதனை எல்லா இடத்திலும் செய்யப்படுவதல்ல. மாதிரியை எங்கே அனுப்புவது என்பதை அவர் சொல்வார். டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். நீங்கள் தேடிக் களைக்க வேண்டியதில்லை, நமக்கு அது தெரியும். அதுவரைக்கும் அந்தக் குண்டுகளை அவனுடைய கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை கொடுங்கள்.